எல்லாரும் நல்லதென்று சொன்ன சின்னப் பிக்கப்

போன மழைக்காலம் முழுவதும் எங்கள் ஊர் ஷோரூம் வாசலில் புத்தம் புதிய பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்று நனைந்துகொண்டிருந்தன. வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம் மாறினாலும் அளவு ஒன்றுதான். வழக்கமான பிக்கப்பைவிடக் குறுகல், நீளமும் குறைவு, உள்ளே சின்ன டீசல் எஞ்சின். சாலையில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

அந்த வண்டிகளை இங்கே வரவழைத்தவள் என் அக்கா பிகுன். அவள் பேச்சை நம்பித்தான் பாங்காக்கிலிருந்து அத்தனை வண்டிகளை அனுப்பினார்கள் என்றும், அவளுக்கு வியாபாரம் தெரியாமல் போய்விட்டது என்றும் ஊரில் பேசுகிறார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி பொய். நான் பள்ளியை முடித்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் வீட்டில் இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க எனக்கு நேரம் இருக்கிறது.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. கால் பெடலை எட்டாத வயதிலேயே, மடித்த கோணிச் சாக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அப்பாவின் பழைய பிக்கப்பை இஞ்சிக் காட்டு வரப்போரம் ஓட்டியவள். லேய் நகரத்தில் கணக்கியல் படித்தாள். பிறகு கடைத்தெருவில் ஓர் உரக்கடையில் வேலைக்கு நின்றாள். அங்கே உரம் வாங்க வருகிறவர்களின் வண்டி டயரைப் பார்த்தே, இவர் இந்த வருஷம் புது வண்டி எடுப்பார், அவர் எடுக்கமாட்டார் என்று சொல்வாளாம். அதைக் கேள்விப்பட்டு ஷோரூம் மேலாளர் தவத் அண்ணன் அவளை வேலைக்கு அழைத்துக்கொண்டார்.

ஷோரூமுக்குள் உட்கார்ந்து விற்பது அவளுக்கு ஒத்துவராது. நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பூருவா மலைப்பாதையில் ஏறிவிடுவாள். இஞ்சிக் காடு, பரங்கிக் காடு, ரப்பர் தோப்பு என்று சுற்றிவிட்டு மாலையில் சேறு அப்பிய செருப்போடு வருவாள். அவளுக்கு அந்தப் பாதைதான் வேலை. மேசையும் நாற்காலியும் கொடுத்தால் மூச்சு முட்டும் என்பாள்.

அவள் விற்கும் முறையும் தனி. வண்டியைப் புகழவே மாட்டாள். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்து, சீட்டு கல் மாதிரி இருக்கிறது, கதவு தகரம் மாதிரி இருக்கிறது, போன தடவை இனாமாகக் கொடுத்த குடை இரண்டே மழையில் கிழிந்துவிட்டது என்று அடுக்கும்வரை பக்கத்தில் சும்மா நிற்பாள். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் வண்டி பாதி விற்றாகிவிட்டது. பிறகு தரை விரிப்பு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், பின்னால் கம்பிக் கூண்டு, புதுக் குடை என்று பேரம் நடக்கும். கடைசியில் விகாரையில் பிட்சுவிடம் நாள் குறிப்பார்கள். அவ்வளவுதான்.

கடந்த வருஷம் வெயில் உச்சத்தில் இருந்தபோது கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து கிரித் சார் வந்தார். இளவயது, மெல்லிய குரல், யாரைப் பார்த்தாலும் முதலில் கைகூப்புகிறவர். நாடு முழுக்கப் பிக்கப் விற்பனை படுத்துவிட்டது. டீசல் விலை ஏறிவிட்டது. அதனால் கம்பெனி சின்னதாக ஒரு பிக்கப் செய்திருந்தது. விலை குறைவு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும். சமவெளி நகரங்களில் எப்படியும் போகும், ஆனால் எங்களைப் போன்ற மலையோர ஊர்களில் போகுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஒரு வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதை இங்குள்ள விவசாயிகளிடம் மாற்றி மாற்றிச் சில நாட்களுக்கு ஓட்டக் கொடுத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பை அக்காவிடம் ஒப்படைத்தார்.

அக்காவுக்கு அந்த வண்டியை உண்மையிலேயே பிடித்துப்போனது. முதல் நாளே என்னை ஏற்றிக்கொண்டு ரப்பர் தோப்புகளுக்கு நடுவே, பெரிய பிக்கப் போனால் இருபுறமும் மரம் உரசுகிற பாதையில் ஏறினாள். கண்ணாடியை மடக்காமலே போய்வர முடிந்தது.

"பழைய வண்டிய வச்சுக்கிட்டுப் பொகைய விட்டுத் திண்டாடுறாங்க பாரு, அவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடி இது," என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

முதலில் வண்டியை எடுத்துப்போனவர் சவேங் மாமா. மலைமேல் இஞ்சியும் பரங்கியும் போடுகிறவர், அப்பாவின் கூட்டாளி. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அது கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. டீசல் டேங்க் நிரம்பியிருந்தது. பின்னால் ஒரு மூட்டை இஞ்சி, எங்கள் வீட்டுக்கு. ரொம்ப நல்ல வண்டி, ஓட்டுவதே தெரியவில்லை, கம்பெனிக்காரர்கள் மூளைக்காரர்கள் என்று நின்றபடியே சொல்லிவிட்டு, டீ குடிக்கக்கூட உட்காராமல் கிளம்பிவிட்டார்.

அடுத்து எடுத்தவர்களும் அப்படியே. ஒருவர் வாழைத்தாரோடு திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் காட்டுத் தேன் கொடுத்தார். எல்லாரும் வண்டியைக் கழுவியிருந்தார்கள். எல்லாரும் நல்ல வண்டி என்றார்கள். எங்கள் அடுப்படியில் கால் வைக்க இடமில்லாமல் போனது. எனக்கு ஒரே கொண்டாட்டம். அக்கா மட்டும் உட்கார்ந்து இஞ்சியைச் சீவிக்கொண்டே பேசாமல் இருந்தாள். எல்லாருக்கும்தான் பிடித்திருக்கிறதே, ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லலடி. ஒருத்தர்கூடக் குடை கேக்கல," என்றாள்.

எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. எங்கள் ஊரில் எதிரே நிற்பவர் மனம் நோகும்படி யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். முகதாட்சண்யம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் இங்கே அது மூச்சு விடுவதுபோல. வாங்கப்போகிற பொருள் என்றால் உரிமையோடு திட்டுவார்கள். வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால், கொடுத்தவள் மனம் நோகக்கூடாதே என்று புகழ்வார்கள், கழுவிக் கொடுப்பார்கள், இஞ்சி மூட்டையும் தருவார்கள். இது அக்காவுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அவள் என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கிரித் சார் இரண்டாம் முறை வந்தபோது தவத் அண்ணன் ஆற்றங்கரை உணவகத்தில் விருந்து வைத்தார். அக்கா திரும்பி வந்து ஒவ்வொரு பேச்சாக எனக்குச் சொன்னாள். சுட்ட மீன், ஒட்டரிசிச் சோறு, புளிக்க வைத்த மீன் கலந்த பப்பாளிக்காய்ச் சாலட். பாங்காக்காரருக்கு அந்த வாடை பழக்கமில்லை, கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு ருசியாக இருக்கிறது என்றாராம். தவத் அண்ணன் ஒரே குஷியில் இருந்தார். பிகுன் எல்லாரிடமும் கேட்டுவிட்டாள், எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, மழை தொடங்குவதற்குள் வண்டிகளை அனுப்பிவிடுங்கள் என்று அக்கா வாய் திறக்கும் முன்பே அவர் சொல்லியாகிவிட்டது.

கிரித் சார் அக்காவின் பக்கம் திரும்பினார். "உண்மையிலேயே இங்க இது போகுமா?"

"போகும் சார்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "குறைன்னு யாராவது ஏதாவது சொன்னாங்களா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல."

"ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லல சார்."

அது பொய்யில்லை. ஆனால் அதைவிட மோசமான செய்தி கிடையாது என்று அந்த மேசையில் இருந்தவர்களில் அவளுக்காவது தெரியும். தவத் அண்ணன் அவ்வளவு ஆசையாகச் சொல்லியிருக்க, அவ்வளவு தூரம் வந்தவர் கண்ணீரோடு எங்கள் மீனைச் சாப்பிட்டிருக்க, எப்படி எதிர்த்துச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மழை தொடங்கியது, வண்டிகளும் வந்தன. அக்கா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒருவர் மகன் கொரியாவிலிருந்து வரட்டும் என்றார். ஒருவர் மழைக்கால நோன்பு முடியட்டும், அதற்கு முன்னால் வண்டி எடுத்தால் ஆகாது என்றார். ஆகாது என்று யார் சொன்னது என்று கேட்டால் சிரித்தார். இன்னொருவர் தான் வியாழக்கிழமை பிறந்தவன், கறுப்பு ஆகாது என்றார். வெள்ளையும் சாம்பலும் இருக்கிறதே என்றதற்கு, வெள்ளை தன் மனைவிக்கு ஆகாது, சாம்பல் மகளுக்கு ஆகாது என்றார். அக்கா விடவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி 'இந்த வண்டி சிவப்பு நிறம்' என்று அச்சிட்ட ஒட்டுத்தாளைக் கொடுத்து, இதைப் பின்னால் ஒட்டிவிட்டால் தோஷம் போய்விடும் என்றாள். அவர் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டார். மறுநாள் பார்த்தால் அது அவருடைய பழைய கறுப்பு மோட்டார் சைக்கிளில் ஒட்டியிருந்தது.

இதற்கிடையே தவத் அண்ணன் ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டு உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மலைப்பாதையில் அலைவது கஷ்டமாக இருக்குமே, உதோன் நகரக் கிளையில் தொலைபேசி மேசைக்கு ஆள் தேடுகிறார்களாம், குளுகுளு அறை என்றார். திட்டுகிற தொனியே இல்லை. நோன்புக்காலம் முடிந்ததும் கிரித் சார் திரும்ப வருவார், அதற்குள் வண்டிகள் நகர்ந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு ஒரு பை மங்குஸ்தான் பழம் கொடுத்து அனுப்பினார். அக்கா பையைத் தொப்பென்று மேசைமேல் வைத்தாள். பழத்தை அவள் தொடவே இல்லை. நான்தான் தின்றேன்.

உதோன் என்றால் நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காரும் வேலை. மலைப்பாதை போய்விடும். அதைத் தடுக்க வேண்டுமென்றால் வண்டி விற்க வேண்டும், அல்லது ஏன் விற்கவில்லை என்றாவது தெரிய வேண்டும். அந்த இரண்டாவதைத்தான் யாரிடமிருந்தும் பிடுங்க முடியவில்லை.

கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தானே வண்டியைத் திட்டினால், எதிரில் இருப்பவருக்கும் வாய் திறக்கும் அல்லவா? நேராகச் சவேங் மாமா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். மாமா மழைக்கு ஒதுங்கிப் பரங்கிக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டாள்:

"மாமா, அந்தச் சின்ன வண்டி ஒரு உதவாக்கரை வண்டி. அப்படித்தானே?"

"ஐயையோ, யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். தீப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு. ஏத்தத்துல இழுக்குறதே இல்ல."

"ஏன் பாப்பா இழுக்கல? நல்லா இழுத்துச்சு. முழு லோடு இஞ்சியோட சும்மா ஜம்முனு ஏறுச்சு."

"சீட்டு இடிக்குது."

"எங்க இடிக்குது? நான் தூங்கியே போயிருப்பேன், அவ்வளவு சொகம்."

"அப்ப ஒண்ணு எடுத்துக்கோங்க மாமா."

மாமா ஒரு பரங்கிக்காயைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். பிறகு, "மழை வலுக்குது பாப்பா, இந்தா, இந்த ரெண்டு காயையும் எடுத்துட்டுப் போங்க," என்றார்.

திரும்பி வரும்போது அக்கா மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, இரண்டு பரங்கிக்காய்களையும் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் எறிந்தாள்.

மிச்சம் இருந்தது லம்யாய் சித்தி ஒருத்திதான். சித்தி காய்கறி வண்டிக்காரி. பிக்கப்பின் பின்பக்கம் முழுக்கக் கம்பி அடித்து, கீரைக் கட்டு, மிளகாய், கோழிக்கால், பலகாரம் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பைகளில் தொங்கவிட்டுக்கொண்டு, விடிந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு மலைக் கிராமங்களில் விற்றுவருவாள். மொத்தச் சந்தையில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. கிரித் சாரின் விருந்துக்குப் பிறகு, கடைசி ஆளாகச் சோதனை வண்டியை எடுத்த அவள் ஒருத்திதான் குறை சொன்னாள். கம்பி அடிக்கப் பக்கச் சுவர் மெல்லிசு, ஹாரன் பூனை கத்துவதுபோல இருக்கிறது, குடை இரண்டு வேண்டும் என்றாள். அக்கா அதை நம்பித்தான் இத்தனை நாளும் தெம்பாக இருந்தாள். ஆனால் வண்டிகள் வந்த பிறகு சித்தி ஷோரூம் பக்கம் தலைகாட்டவில்லை. எங்கள் தெருவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். நாங்கள் கீரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதாயிற்று.

ஒருநாள் விடிகாலையில் அக்கா சந்தை வாசலுக்கே போய், சித்தியின் வண்டிக் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சித்தி வண்டியை எடுத்தாளாம். மலைமேல் வியாபாரம் முடியும்வரை இருவரும் காய்கறியைத் தவிர வேறெதையும் பேசவில்லை. திரும்பும்போதுதான் அக்கா அதைப் பார்த்தாள். பைகள் காலியானதும் வண்டி நிரம்பத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் ஒரு கும்பலாக ஏறினார்கள். மருத்துவமனைக்குப் போக ஒரு கிழவர் தன் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஏறினார். ஒரு பெண் சுடச்சுட இறக்கிய சோற்றுப் பானையோடு விகாரைக்குப் போக ஏறினாள். இரண்டு பேர் பன்றிக்குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் சித்தி வண்டியை நிறுத்தினாள். யாரிடமும் காசு வாங்கவில்லை, யாரும் கேட்டு ஏறவும் இல்லை. கை காட்டினார்கள், ஏறினார்கள்.

எல்லாரும் இறங்கிய பிறகு அக்கா கேட்டாள். "சித்தி, உங்களுக்கு அந்த வண்டி பிடிச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். ஏன் எடுக்கல?"

"விடு பிகுன்."

"விடமாட்டேன். என்னை உதோனுக்கு அனுப்பப்போறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

சித்தி அப்போதுதான் வெடித்தாளாம்.

"என்னத்தச் சொல்றது? இப்பக் கண்ணால பாத்தியே. உன் வண்டியில இதுல பாதிப் பேரு ஏறுவாங்களா? மிச்சப் பேர யாரு எறக்கிவிடுறது? நீ எறக்கிவிடுறியா? அந்தக் கெழவன்கிட்டப் போய், 'தாத்தா, நான் எண்ணெய்ச் செலவ மிச்சம் புடிக்கச் சின்ன வண்டி வாங்கியிருக்கேன், நீங்க நடந்து போங்க'ன்னு நீ சொல்லு, நான் இன்னைக்கே எடுக்குறேன். ஒன்னு இல்ல, ரெண்டு."

சித்தி நிறுத்தவில்லை.

"சவேங் என்ன சொன்னாரு? ஜம்முனு ஏறுச்சுன்னாரா? உன் வண்டி அவருகிட்ட இருந்தப்பத்தான் கீழ்த்தெருப் பெரியவர எரிச்சாங்க. மயானத்துக்கு வழக்கமா அவரு வண்டியிலதானே தெருவே போகும். அன்னைக்கு இடம் பத்தாம நாலஞ்சு கெழவிங்கள வெயில்ல நடக்கவிட்டுட்டாரு. அதுல எங்க மாமியாரும் ஒருத்தி. இன்னும் அந்த மனுசன் எங்க மாமியார் மூஞ்சியப் பாத்துப் பேசல. தெருவுல எதிர்ல வந்தா வேற பக்கம் திரும்பிக்கிறாரு. இத அவரு உன்கிட்டச் சொல்வாரா?"

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் அதிகம் இருந்தது. வண்டியின் எஞ்சினில் குறையில்லை. விலையில் குறையில்லை. இஞ்சி ஏற்ற அந்த அளவு போதும். ஆனால் இந்த ஊரில் யாரும் தன் சரக்குக்காக மட்டும் பிக்கப் வாங்குவதில்லை. கை காட்டுகிறவரிடம் இடமில்லை என்று சொல்ல முடியாததால் பெரிதாக வாங்குகிறார்கள். அதே தாட்சண்யத்தால்தான் அதை அவளிடமும் சொல்லவில்லை. அப்படி இருக்க, அத்தனை வாரங்கள் அவள் எஞ்சினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறாள். எங்கள் அப்பாவின் வண்டியிலும் தெருவே ஏறி இறங்கியதுதான். அதை நினைத்துப் பார்க்காமல் போனேனே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நோன்புக்காலம் முடிந்து கிரித் சார் வந்தார். அதே ஆற்றங்கரை உணவகம். அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடு, தவத் அண்ணன் முன்னால் சொல்லாதே என்று அம்மா கெஞ்சினாள். தனியாகச் சொன்னால் தவத் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் பேசியதாகிவிடும், நேராகச் சொன்னால் அவர் முகத்தில் அடித்ததாகிவிடும். இரண்டுமே தப்பு. ஒழுங்கான மூன்றாவது வழி ஒன்று இந்த ஊரில் இருந்தால் எனக்கு யாராவது சொல்லுங்கள். அக்கா மேசையிலேயே சொல்வதென்று முடிவு செய்தாள்.

விற்பனை கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறது, அறுவடை முடிந்ததும் சூடுபிடித்துவிடும் என்று தவத் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டாளாம்.

"சூடு பிடிக்காது சார். இங்க இந்த வண்டி போகாது. போன தடவையே எனக்குத் தெரியும். தெரிஞ்சே போகும்னு சொன்னேன்."

பிறகு காய்கறி வண்டியில் பார்த்ததையும் மயானத்துக்கு நடந்த கிழவிகளைப் பற்றியும் சொன்னாள். இதே சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் பழைய அளவுக்குச் செய்து, பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி வைத்தால் இந்த மலை முழுக்க விற்றுக் காட்டுகிறேன் என்றாள். அவள் பேசி முடிக்கும்வரை தவத் அண்ணன் புன்னகையோடு கேட்டார். முடித்ததும் அவளுடைய கோப்பையில் தண்ணீர் ஊற்றினார். அவர் தன் கையால் அவளுக்குத் தண்ணீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை. தன் வேலை போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டதாக அக்கா சொன்னாள்.

கிரித் சார், மிகவும் பயனுள்ள தகவல், நன்றி என்றார். காருக்குப் போகும்போது தவத் அண்ணன் பணம் கட்ட உள்ளே நின்றுவிட்டார். கிரித் சார் அக்காவின் அருகில் வந்து, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"போன தடவையே எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. ஒரு குறைகூடச் சொல்லலன்னு நீங்க சொன்னப்பவே புரிஞ்சுது. எங்க அப்பாவும் வியாபாரிதான். ஆனா தவத் அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. நீங்களும் அவர் முன்னால சொல்லச் சங்கடப்படுறீங்கன்னு தோணுச்சு. அதான் மேல கேக்கல."

அக்கா கைகூப்பிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் செருப்பைக் கழற்றியவள் அதைச் சுவரில் வீசி அடித்தாள். "அந்த ஆளுக்கும் தெரியுமாம்டி. தெரிஞ்சே சிரிச்சிக்கிட்டு மீனைத் தின்னாராம்," என்றாள்.

வண்டிகளை ஒரு பெரிய லாரி இரண்டு நடையாக வந்து ஏற்றிக்கொண்டு போனது. பாங்காக் புறநகரில் பார்சல் கொண்டு போகிறவர்களும் சின்னக் கடைக்காரர்களும் அவற்றைச் சீக்கிரமே வாங்கிவிட்டார்களாம். அங்கே கை காட்டி ஏறுகிறவர்கள் இல்லை போலும். அடுத்த மாதமே அக்காவுக்கு உதோனுக்கு மாற்றல் வந்தது. தவத் அண்ணன் பிரியாவிடை விருந்து வைத்தார். அக்காவைப் போல ஒரு விற்பனைக்காரி கிடைக்கமாட்டாள் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். சவேங் மாமா அழுதேவிட்டார்.

இப்போது அவள் உதோனில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்துபோகிறாள். தொலைபேசியில் முகம் தெரியாததால் ஜனங்கள் நன்றாகத் திட்டுகிறார்களாம். ஏசி தண்ணீர் ஒழுகுகிறது, கியர் சிக்குகிறது என்று கத்துகிறார்கள். அதைக் கேட்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எழுந்து போய் அந்த வண்டியைப் பார்க்க முடியவில்லை. வண்டியைப் பார்க்காமல் என்ன பதில் சொல்வது என்று அவளுக்கு எரிச்சல். வந்தால் பாதி நேரம் இதைத்தான் பேசுகிறாள்.

மீதி நேரம் கிரித் சாருக்குக் கைபேசியில் எழுதுவாள். சின்ன எஞ்சின், பெரிய பின்பக்கம், இரண்டு பக்கமும் கம்பி. படம்கூட வரைந்து அனுப்பினாள். முதல் தடவை, மிக நல்ல யோசனை என்று பதில் வந்தது. இரண்டாம் தடவை, மிகவும் அருமையான யோசனை, மேலிடத்தில் பேசுகிறேன் என்று வந்தது. மூன்றாம் தடவை ஒரு சிரிப்புப் படமும் கூப்பிய கைகளும் வந்தன. போன ஞாயிறு அவள் சாப்பாட்டுக்கு நடுவே கையைத் துடைத்துக்கொண்டு, முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள் சார், நான் வருத்தப்படமாட்டேன் என்று எழுதி அனுப்பினாள்.

பதில் வர வெகுநேரம் ஆனது. வந்தபோது அது இரண்டே வரி. முடியாது, கம்பெனி அந்த எஞ்சினில் பெரிய பிக்கப் செய்யப்போவதில்லை. மன்னிக்கவும்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். எனக்கும் காட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அன்னைக்கு அந்த மேசையிலயே இப்படிப் பேசியிருக்கலாம். அவரும்தான், நானும்தான்," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போயிருந்த சோற்றை மறுபடி உருட்டித் தின்னத் தொடங்கினாள்.